வீல்சேர் டிக்கில ஏற மாட்டேங்குது, ஸ்கூட்டர் வாங்கலாமா இல்ல காரையே மாத்தணுமா?

அரசலாத்தங்கரை
எல்லாருக்கும் வணக்கம். நாங்க சுவாமிமலை பக்கம். அப்பாவுக்கு போன ஐப்பசில வாதம் வந்து இடது கை கால் சரியா வரல, புடிச்சா நிப்பாரு, நாலு அடி எடுத்து வைப்பாரு, அவ்ளோதான். வாரம் ரெண்டு நாள் தஞ்சாவூருக்கு பிசியோதெரபிக்கு கூட்டிட்டு போவணும். வீட்டுக்காரர் சென்னைல வேலை, அதனால வண்டி ஓட்டுறது, அப்பாவ ஏத்துறது, வீல்சேர் தூக்குறது எல்லாம் நான்தான், அம்மா கதவ மட்டும் புடிச்சிப்பாங்க.

கார் ஸ்விஃப்ட். வீல்சேர் ஆஸ்பத்திரி மாடல் இரும்பு, 19 கிலோ. மடக்கி டிக்கில வச்சா கதவு மூட அரை சாண் பத்தல. இப்ப பின் சீட்டுல படுக்க வச்சுதான் எடுத்துட்டு போறேன், சீட்டு பூரா கிரீஸ் கறை. நேத்து தூக்கும்போது இடுப்புல சுளீர்னு ஒரு இழுப்பு, ராத்திரி பூரா தூங்கல. சொந்தக்காரர் ஒருத்தர் அவங்க மாமனார் ஓட்டுன பேட்டரி ஸ்கூட்டர், நாலு சக்கரம், சீட்டு வச்சது, நடக்க முடியாதவங்க உக்காந்து ஓட்டுறது, குறைஞ்ச விலைக்கு தரேங்கறாரு. அப்பாவுக்கு ஒரே ஆசை, ஆடிப்பெருக்குக்குள்ள வயலப் போய் பாக்கணும்னு. ஸ்கூட்டர் வாங்கலாமா? அத கார்ல எப்படி ஏத்துறது? இல்ல காரையே மாத்திடலாமா?

மாயவரம்_ஸ்டெப்னி
எர்டிகா எடுத்துடுங்க சிஸ்டர், பிரச்சனை ஓவர். மூணாவது வரிசைய மடக்கிட்டா 550 லிட்டர் இடம், ரெண்டு வீல்சேர் போடலாம்.

அரசலாத்தங்கரை
அண்ணே 550 லிட்டர் இருக்கட்டும், தூக்குறது யாரு?

குட்டியானை_டிரைவர்
கரெக்டா கேட்டீங்க தங்கச்சி. நான் கும்பகோணத்துல மாருதி ஈக்கோ வேன் ஓட்டுறேன், நவகிரக கோவில் ட்ரிப்பு, வர்ற பார்ட்டில பாதி பேரு வயசானவங்க, தெனம் ஒரு வீல்சேராவது ஏத்தி எறக்குறேன். லிட்டர் கணக்கு தண்ணிக்குதான் சரிப்படும். வீல்சேருக்கு பாக்க வேண்டியது மூணே விஷயம். டிக்கி வாய் எவ்ளோ அகலம் எவ்ளோ உசரம், வாசப்படி தரைலேந்து எவ்ளோ மேல இருக்கு, வாசப்படி தாண்டி உள்ள எவ்ளோ பள்ளம். ஸ்விஃப்ட்ல 265 லிட்டர் இருக்கு ஆனா உதடு உசரம், தூக்கி மேல கொண்டு போயி திருப்பி உள்ள பள்ளத்துல எறக்கணும், எடுக்கும்போது கெணத்துலேந்து தண்ணி எறைக்கிற மாதிரி. இடுப்பு போறது அந்த எடத்துலதான். ஈக்கோல பின்கதவத் தொறந்தா தரை பலகை மாதிரி நேரா இருக்கும், முன்ன ரெண்டு சக்கரத்த வாசப்படில சாச்சு வச்சிட்டு பின்னாடிலேந்து தள்ளுனா போதும், முழு வெயிட்டையும் கை தாங்காது.

நீங்க இப்ப தூக்கும்போது ஃபுட்ரெஸ்ட்ட கழட்டுறீங்களா இல்லையா?

அரசலாத்தங்கரை
கழட்ட முடியுமா???

குட்டியானை_டிரைவர்
😀 காலு வைக்கிற தட்டு பக்கத்துல, முட்டிக்கு நேரா, ஒரு சின்ன லீவர் இருக்கும். அத அமுக்கி வெளிப்பக்கமா திருப்பி மேல தூக்குனா தனியா வந்துடும். எல்லா மாடல்லயும் இருக்காது, ஆஸ்பத்திரி மாடல்ல சிலது வெல்டிங். இருந்துச்சுன்னா ரெண்டும் சேர்ந்து ரெண்டு கிலோ குறையும், முக்கியமா நீளம் குறையும், உங்க அரை சாண் அங்கதான் இருக்குன்னு நெனைக்கிறேன். சீட்டு மேல மெத்தை இருந்தா அதையும் எடுத்துட்டு சீட்டு துணிய நடுவுல புடிச்சு மேல இழுங்க, தானா மடங்கும். ரெண்டு பக்க கைப்புடியையும் புடிச்சு நெருக்குனா மடங்காது, வெரலு நசுங்கும்.

டிகிரி_காப்பி
கேஸ்ல ஓடுற சிஎன்ஜி வண்டி மட்டும் எடுத்துடாதீங்க. நான் வேகன்ஆர் சிஎன்ஜி எடுத்துட்டு படுற பாடு. பெட்ரோல் வேகன்ஆர்ல 341 லிட்டர் டிக்கி, கூரை உசரம், வீல்சேர நட்டுக்க நிக்க வச்சே கொண்டு போவலாம்னு பக்கத்து வீட்டுக்காரர் வண்டியப் பாத்து ஆசப்பட்டு, மைலேஜுக்கு சிஎன்ஜி எடுத்தேன். டெலிவரி அன்னைக்கு டிக்கியத் தொறந்தா 60 லிட்டர் சிலிண்டர் நந்தி மாதிரி குறுக்க உக்காந்திருக்கு. அம்மாவோட வீல்சேர் இன்னும் பின் சீட்டுலதான், அம்மா முன்னாடி, நான் ஓட்டுறேன், வீட்டுக்காரி பின்னாடி பஸ்சுல.

மாயவரம்_ஸ்டெப்னி
டாட்டால ரெண்டு சின்ன சிலிண்டரா போட்டு டிக்கி தரைக்கு அடில வச்சிருக்கான், 2023-லேந்து ஆல்ட்ரோஸ், டியாகோ, டிகோர்ல வருது. மேல எடம் இருக்கும். ஸ்டெப்னி இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க, இல்லன்னா என் பேரு கெட்டுடும்.

சக்கரம்_24
ரெண்டு நாளா படிச்சிட்டு இருக்கேன், வீல்சேர்ல உக்காந்திருக்கவன் ஒருத்தன் சொன்னா நல்லாருக்கும்னு எழுதுறேன். தென்ன மரத்துலேந்து விழுந்து முதுகெலும்பு போயி 11 வருஷம் ஆச்சு. ஊரு மன்னார்குடி பக்கம். கைலயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வச்ச கார் நானே ஓட்டுறேன், தனியாத்தான் போறேன், என் வீல்சேர நானேதான் ஏத்துறேன், யாரும் பாவப்பட வேணாம்.

எப்படின்னா: டிரைவர் சீட்டுக்கு மாறி உக்காந்துடுவேன். கைய வெளிய நீட்டி பின் சக்கரத்து நடுவுல இருக்க பட்டன அமுக்கி இழுத்தா சக்கரம் கைல வந்துடும், அத பின் சீட்டுல போடுவேன், அடுத்த சக்கரமும் அதே மாதிரி. முதுகு சாயுறத முன்பக்கமா மடக்கிட்டா மிச்சம் இருக்குறது ஒரு பிரேம் மட்டும்தான், சீட்ட நல்லா சாச்சுட்டு அத என் வயித்து மேல ஏத்தி பக்கத்து சீட்டுக்கு தள்ளிடுவேன். ஆரம்பத்துல கால் மணி நேரம் ஆச்சு, சட்டைலாம் அழுக்கு, ரெண்டு தடவ ஹாரன் மேல விழுந்து தெருவே திரும்பிப் பாத்துச்சு. இப்ப ரெண்டு நிமிஷம்.

நான் சொல்ல வர்றது என்னன்னா, அரசலாத்தங்கரை அக்கா, கார மாத்தாதீங்க, வீல்சேர மாத்துங்க. ஆஸ்பத்திரி வீல்சேர் வார்டுக்குள்ள தள்ளுறதுக்கு செஞ்சது, கார்ல ஏத்துறதுக்கு இல்ல. அலுமினியத்துல மடக்குறது, பின் சக்கரம் பட்டன்ல கழலுறது வாங்குங்க, மொத்தம் 13 கிலோ சொச்சம் வரும், சக்கரமும் ஃபுட்ரெஸ்ட்டும் கழட்டிட்டா தூக்குற துண்டு எட்டு ஒம்பது கிலோதான். சென்னை ஐஐடில 2025-ல மொத்தமே 9 கிலோல ஒண்ணு விட்டிருக்காங்க, ஆனா அது மடக்குறது இல்ல, என்ன மாதிரி தானே தள்ளிக்கிறவனுக்கு, அளவெடுத்து செய்யிறது. உங்க அப்பாவுக்கு பின்னாடிலேந்து தள்ள ஆள் வேணும்ல, அவருக்கு சாதா அலுமினியமே போதும்.

பவர்டில்லர்
நான் ஒரு யோசன சொல்றேன் சிரிக்காதீங்க. ஸ்கூட்டர ஏத்த ரெண்டு சாரப்பலகை போதும். பவர் டில்லரே அப்படித்தான குட்டியானைல ஏத்துறோம், அது எவ்ளோ வெயிட்டு.

குட்டியானை_டிரைவர்
அண்ணே பவர் டில்லருக்கு நாலு ஆளு ஒரு டீ செலவு. இங்க ஒரு பொம்பளப் புள்ள தனியா.

பவர்டில்லர்
ஸ்கூட்டர்தான் மோட்டார் வச்சது தானே ஏறும்ல?

கூத்தாநல்லூர்_சிங்கை
இதுக்குத்தான் நான் உள்ள வர்றேன். ஏறும்னு நானும் நெனச்சேன் பவர்டில்லர் காக்கா.

சிங்கப்பூர்ல இந்த வண்டி தெருவுக்கு தெரு ஓடும், உம்மாவுக்குன்னு ஒண்ணு வாங்கி கப்பல் சரக்குல ஊருக்கு அனுப்பி வச்சேன். மொத்தம் 48 கிலோ. உம்மா அதுல வீட்டுலேந்து தெரு முனை வரைக்கும் ராணி மாதிரி போவாங்க. நாகூருக்கு கூட்டிட்டு போவணும்னு லீவுல வந்தப்ப மச்சான் வேன்ல பலகை சாச்சு ஏத்துனோம். மேல ஏறும்போது பாதிலேயே நின்னுடுச்சு, சரி தள்ளுவோம்னு பின்னாடி மோட்டார்கிட்ட இருக்க மஞ்ச லீவர மாத்தி விட்டேன். அந்த லீவர் மாத்துனா மோட்டார் சக்கரத்த விட்டுடும், அதோட பிரேக்கும் போயிடும், ரெண்டும் ஒண்ணுதான்னு எனக்கு அப்பத் தெரியாது. வண்டி அப்படியே பின்னாடி வந்துச்சு, நான் ஒதுங்கிட்டேன், மச்சான் ஒதுங்கல. காலு பெருவிரல் நகம் போச்சு. உம்மா திண்ணைல உக்காந்து பாத்துட்டு இருந்தாங்க, நல்லவேளை யாரையும் மேல உக்கார வைக்கல.

அதனால சொல்றேன், பலகைல இருக்கும்போது அந்த லீவர தொடக்கூடாது, ஆள உக்கார வச்சு ஏத்தவும் கூடாது. பலகை கணக்கும் சொல்றேன்: வேன் தரை ரெண்டு அடி உசரம், பலகை ஆறு அடின்னா, மூணுக்கு ஒண்ணு சரிவு, 48 கிலோ வண்டிய தள்ள 16 கிலோ விசை வேணும், வழுக்கி வந்தா அதே 16 கிலோ உங்க மேல வரும். கட்டடத்துல வீல்சேர் சரிவுக்கு பன்னெண்டுக்கு ஒண்ணுன்னு கணக்கு, அப்படிப் பாத்தா 24 அடி பலகை வேணும்.

டிகிரி_காப்பி
24 அடி பலகை எங்க தெருவுல வச்சா எதிர் வீட்டுத் திண்ணைல போய் முடியும், அவரு அப்படியே காப்பி குடுத்து அனுப்புவாரு.

கூத்தாநல்லூர்_சிங்கை
😂 இப்ப நாங்க பலகையே வைக்கிறதில்ல. சின்ன ஸ்கூட்டர்லாம் துண்டு துண்டா கழலுற மாதிரிதான் செஞ்சிருப்பான். சீட்டு தனி, பேட்டரி பெட்டி தனி, முன்பாதி தனி, மோட்டார் இருக்க பின்பாதி தனி. எங்களோடதுல பின்பாதிதான் கனம், 17 கிலோ. முதல்ல சாவிய எடுத்துடணும், அப்புறம் பேட்டரி, அப்புறம் சீட்டு, கடைசில நடுவுல லீவர இழுத்தா ரெண்டா பிரியும். மாட்டும்போது தலைகீழா. சகோதரி, அந்த சொந்தக்காரர் வண்டி இப்படி கழலுதான்னு முதல்ல பாருங்க. பெரிய ரோட்டு வண்டி மாதிரி இருந்தா 80, 100 கிலோ வரும், பேட்டரியும் சீட்டும் தவிர ஒண்ணும் கழலாது. சும்மா குடுத்தாலும் வேணாம்.

பேட்டரி லெட் ஆசிட்டா லித்தியமான்னும் பாக்கணும். லெட் ஆசிட் 12 வோல்ட் ரெண்டு இருக்கும், 12 ஆம்பியர்னா ஒண்ணு நாலு கிலோ. ரெண்டு வருஷம் ஓட்டாம கெடந்துச்சுன்னா செத்திருக்கும், வண்டி விலைய விட பேட்டரி செலவு வந்து நிக்கும். லித்தியம்னா ரெண்டு மூணு கிலோதான், ஆனா சித்திரை வெயில்ல காருக்குள்ள விட்டுட்டு போவாதீங்க, கைல எடுத்துட்டு போங்க.

அரசலாத்தங்கரை
ஐயோ மச்சான் கால் இப்ப எப்படி இருக்கு? 😟 போயிப் பாத்தேன், பெரிய வண்டிதான், பேட்டரி கழலுது அவ்ளோதான், வண்டி அசையவே மாட்டேங்குது. மூணு வருஷமா கொட்டகைல நிக்குதாம், பேட்டரி மேல வெள்ளையா உப்பு பூத்திருக்கு.

ஃபுட்ரெஸ்ட் விஷயம், குட்டியானை அண்ணே, லீவர் இருந்துச்சு!! பெயிண்ட் மூடியிருந்துச்சு, தேங்கா எண்ணெய் விட்டு ஸ்குரூடிரைவரால தட்டினேன், வந்துடுச்சு. டிக்கி மூடுது. ஆனாலும் 17 கிலோ, இடுப்பு கேக்கல.

களத்துமேடு
வயலுக்கு ஸ்கூட்டர்ல போறதுன்னாலே தப்பு தங்கச்சி. இந்த வண்டிக்கு அடிவயிறு தரைலேந்து ரெண்டு மூணு இஞ்ச்தான், நம்ம களிமண்ணு ஒரு மழைக்கே சக்கரத்த கவ்விக்கும். வரப்பு ஒரு அடி, வண்டி ரெண்டு அடி. ஆத்தங்கரை மேல கப்பி போட்ட ரோட்டுல வேணா போவலாம். வீல்சேரும் அப்படித்தான், முன் சக்கரம் சின்னதுல்ல, சேத்துல முன்பக்கமா போனா குத்தி நிக்கும். திருப்பி பின்பக்கமா இழுத்துட்டு போங்க, பெரிய சக்கரம் முன்ன போவும், வீல்சேர் சிக்காம வரும்.

பிசியோ_திருவாரூர்
நான் பிசியோதெரபிஸ்ட். எல்லாரும் வீல்சேர ஏத்துறதப் பத்தியே பேசுறீங்க, அப்பாவ ஏத்துறது எப்படி? இடது பக்கம் பலவீனம்னு சொல்றீங்க. முன்சீட்டு இடது கதவுல வீல்சேர கார் பாத்த திசைலயே சாச்சு நிறுத்தினா சீட்டு அவருக்கு வலது கை பக்கம் வரும், நல்ல பக்கமா திரும்பி உக்காருவாரு, சுலபம். எறங்கும்போது அப்படியே மாறிடும், பலவீனமான பக்கமா வரணும், விழுறதெல்லாம் அப்பதான். எறங்கும்போது மட்டும் ரெண்டாவது ஆள் நிக்கட்டும், அவர் இடது முட்டிக்கு உங்க முட்டிய அணை குடுங்க. இடது கையப் புடிச்சு இழுக்காதீங்க, தோள்பட்டை நழுவும், இத வீட்டுல எல்லாரும் பண்றாங்க. வீல்சேர் பிரேக் ரெண்டும் போட்டிருக்கணும், அந்தப் பக்க ஃபுட்ரெஸ்ட் ஒதுங்கியிருக்கணும்.

சீட்டுல உக்காந்த பிறகு கால உள்ள திருப்புறதுதான் பெரும்பாடு. ஒரு சுத்தமான உரச்சாக்க நாலா மடிச்சு சீட்டுல போட்டு அது மேல உக்கார வைங்க, வழவழன்னு திரும்பிடுவாரு. திரும்புனதும் சாக்க உருவிடணும், மறக்காதீங்க, இல்லன்னா பிரேக் அடிச்சா ஆளு பெல்ட்டுக்கு அடில வழுக்கிப் போவாரு. இதையே சுழலுற சீட்டுன்னு காசு குடுத்தும் வாங்கலாம், 2025 டிசம்பர்ல மாருதியே வேகன்ஆருக்கு ஒண்ணு விட்டிருக்கு, முதல்ல சில ஊர்ல மட்டும்.

டிகிரி_காப்பி
உரச்சாக்குக்கு மானியம் உண்டா டாக்டர் 😀

குட்டியானை_டிரைவர்
ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். பின் சீட்டுல வீல்சேர சும்மா போடாதீங்க தங்கச்சி. பாபநாசம் தாண்டி ஒரு தடவ ஆடு குறுக்க வந்துச்சு, அறுபதுலதான் வந்தேன், பிரேக் அடிச்சதும் பின்னாடி கெடந்த வீல்சேர் பறந்து வந்து என் சீட்டு முதுகுல மோதுன மோதுல ரெண்டு நாள் கழுத்து திரும்பல. சக்கரத்துலயோ கைப்புடிலயோ கட்டுனா கழண்டு வரும், பிரேம்ல கட்டணும். நெல்லு மூட்டைக்கு போடுற, இழுத்து இறுக்குற ராட்சட் பெல்ட்டு போதும். இல்லையா, சீட் பெல்ட்டயே பிரேமுக்குள்ள விட்டு மாட்டுங்க.

சில பேரு அப்பாவ வீல்சேர்லயே உக்கார வச்சு வேன்ல ஏத்தச் சொல்றாங்க. முன்ன ரெண்டு பின்ன ரெண்டு நாலு பெல்ட்டு தரைல கொக்கி போட்டு இழுத்துக் கட்டி, ஆளுக்கு தனி பெல்ட்டும் இருந்தா சரி, அதுக்குன்னே தரைல ரெயில் அடிச்ச வண்டிக இருக்கு. வீல்சேர் பிரேக்க மட்டும் நம்பி நான் ஏத்த மாட்டேன், பார்ட்டி கோச்சுக்கிட்டாலும் சரி.

மாயவரம்_ஸ்டெப்னி
டிக்கில சின்ன கிரேன் வெல்டிங் அடிச்சு கார் பேட்டரிலயே தூக்குற மாதிரி பண்ணலாமே, எனக்கு தெரிஞ்ச லேத்து பட்டறை இருக்கு. வீல்சேர் வச்சிருந்தா டோலும் ஃப்ரீ வேற.

சக்கரம்_24
ஸ்டெப்னி அண்ணே ரெண்டுமே அரைகுறை. மாற்றுத்திறனாளிக்காக வண்டிய மாத்தி அமைக்க மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுல எடம் இருக்கு, பண்ணிட்டு ஆர்டிஓகிட்ட ஒப்புதல் வாங்கலாம், ஆனா கண்டபடி வெல்டிங் அடிச்சா எஃப்சிலயும் இன்சூரன்ஸ்லயும் மாட்டுவீங்க. கம்பெனி கிரேன்னா போல்ட்டுல நிக்கும், தேவையில்லன்னா கழட்டிடலாம். டோலு, 2008 விதிப்படி மாற்றுத்திறனாளிக்குன்னே வடிவமைச்ச வண்டிக்குதான் விலக்கு, டிக்கில வீல்சேர் கெடந்தா இல்ல. நான் அந்த வாக்குவாதம் எல்லாம் பண்ணி முடிச்சாச்சு. அக்கா வீட்டுலேந்து தஞ்சாவூருக்கு பாபநாசம் பழைய ரோட்டுல போனா டோலே கெடையாது, எதுக்கு இந்தப் பேச்சு.

அரசலாத்தங்கரை
ஒரு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க.

கார் அதே ஸ்விஃப்ட். ஸ்கூட்டர் வாங்கல. சக்கரம் தம்பி சொன்ன மாதிரி அலுமினிய வீல்சேர், சக்கரம் கழலுறது, திருச்சில போயி வாங்கினோம், கடைலயே டிக்கில ஏத்திப் பாத்துட்டுதான் காசு குடுத்தேன், கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தாரு, பாக்கட்டும். சக்கரம் ரெண்டும் பின் சீட்டுல கால் வைக்கிற எடத்துல, பிரேம் டிக்கில. இடுப்பு இப்ப பரவால்ல.

ஆடிப்பெருக்கு அன்னைக்கு அப்பாவ வயலுக்கு கூட்டிட்டு போனேன். கரை மேல கார நிறுத்தி சக்கரத்த மாட்டுறேன், இடது பக்கம் டக்குன்னு சத்தம் வந்துச்சு, வலது பக்கம் சத்தமே வரல. மாட்டுன மாதிரிதான் தெரிஞ்சுது, ஆனா இழுத்துப் பாத்தா கைல வருது. அப்படியே உக்கார வச்சிருந்தா கரைலேந்து ஆத்துக்கே போயிருப்பாரு. பாத்தா அச்சு முனைல இருக்க சின்ன குண்டுக்கு நடுவுல மண்ணு, முந்தின நாள் வாசல்ல கழட்டி தரைல போட்டது. முந்தானைய தண்ணில நனைச்சு தொடச்சு மாட்டினப்புறம்தான் டக்குன்னுச்சு. இப்ப சக்கரத்த தரைல வைக்கிறதே இல்ல. களத்துமேடு அண்ணே சொன்ன மாதிரி பின்பக்கமாத்தான் இழுத்துட்டு போனேன், அப்பா ஆத்தப் பாத்துக்கிட்டே வயலுக்கு வந்தாரு, மடை வாய்க்கால்ல தண்ணி ஓடுறதப் பாத்துட்டு பக்கத்து வயக்காரர்கிட்ட வரப்பு வெட்டுனது சரியில்லன்னு அரை மணி நேரம் சண்டை போட்டாரு.

சக்கரம்_24
மாட்டுனதும் இழுத்துப் பாத்தீங்கல்ல, அது போதும். நான் அத கத்துக்கிட்டது மன்னார்குடி தெப்பக்குளத்து படிக்கட்டுல, அந்தக் கதை இன்னொரு நாள்.

டிகிரி_காப்பி
அப்ப அந்தப் பழைய இரும்பு வீல்சேர் சும்மாதான இருக்கு? எங்க அத்தைக்கு வேணும், வீட்டுக்குள்ளதான், கார்ல ஏத்த மாட்டோம்.

அரசலாத்தங்கரை
கேட்டுப் பாத்தேன் அண்ணே, அப்பா தர மாட்டேங்கறாரு. திண்ணைல போட்டு சாயங்காலம் அதுலதான் உக்காந்து காப்பி குடிக்கிறாரு. புதுசு ஆடுதாம்.